முதற்கோவில் நம் வீடுதான்

செவ்வாய்க்கிழமை கொட்டாஞ்சேனைப் பக்கம் போனால், கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தின் வாசலிலேயே கூட்டம் நிற்கும். துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறவர், பரீட்சை எழுதப் போகும் பிள்ளை, ஆஸ்பத்திரித் துண்டை மடித்துக் கையில் வைத்திருக்கும் தாய் என எல்லோர் கையிலும் மெழுகுதிரி. இந்துக்களும் பௌத்தர்களும் கத்தோலிக்கரோடு சேர்ந்தே வரிசையில் நிற்பார்கள். புதன்கிழமை விடிந்ததும் அந்த விசுவாசம் எங்கே போகிறது? கிறிஸ்தவர்களாகிய நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

விடை நம் வரலாற்றிலேயே இருக்கிறது. 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தார்கள். குருக்களைத் துரத்தினார்கள், அவர்களுக்கு ஒளிவிடம் கொடுத்தால் மரண தண்டனை என்றார்கள். 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசப் வாஸ் அடிகளார் ஏழைக் கூலியாளைப் போல் யாழ்ப்பாணம் வந்து, கழுத்தில் செபமாலையோடு வீடுவீடாகப் பிச்சை கேட்டார். முப்பது ஆண்டுகளாகப் பூசை காணாத ஊரிலும் அந்தச் செபமாலையை அடையாளம் கண்டு கதவு திறந்தவர்கள் இருந்தார்கள். விளக்கு வைத்ததும் பிள்ளைகளை முழந்தாளிடச் செய்து மந்திரம் சொல்லிக்கொடுத்த பெற்றோர் காத்த விசுவாசம் அது. கொச்சிக்கடைக் கோவிலின் தொடக்கமும், வியாபாரியைப் போல மறைந்து வாழ்ந்த அந்தோனியோ என்ற குருவோடு இணைந்தது என்பதே மரபு.

வாஸ் அடிகளார் செபத்தோடு நின்றுவிடவில்லை. 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவியபோது சொந்தங்களே கைவிட்டு ஓடிய நோயாளிகளை, மதம் பாராமல் தம் கையால் கழுவி, உணவூட்டிப் பராமரித்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு பூசையின்போது அந்தோனியார் கோவிலில் குண்டு வெடித்தது. அடுத்த ஞாயிறு ஆலயங்களில் பூசை இல்லை; கர்தினால் மல்கம் ரஞ்சித் ஒப்புக்கொடுத்த திருப்பலியை மக்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் கண்டார்கள். ஜூன் 12ஆம் திகதி கோவில் மறுபடி திறக்கும்வரை அந்தப் பங்கு மக்களைத் தாங்கியதில் வீட்டுச் செபத்துக்குப் பெரிய பங்குண்டு.

இன்று நம்மைத் தடுக்க எந்த ஒல்லாந்தரும் இல்லை. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் நம் மாலைப்பொழுதை ரியூசனும் நாடகமும் கைத்தொலைபேசியும் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஆனாலும் சில வீடுகளில் ஏழு மணிக்குத் தொலைக்காட்சி அணைகிறது. அம்மம்மா செபமாலையைத் தொடங்க, கனடாவில் இருக்கும் மகன் வேலைக்குப் புறப்படுமுன் வாட்ஸ்அப்பில் சேர்ந்துகொள்கிறான். கடைசியில் நோயாளிகளின் பெயர்களைச் சொல்லி ஒரு அருள்நிறை மந்திரம். இருபது நிமிடம் போதும்.

அந்தச் செபம் மறுநாள் நம் நடத்தையில் தெரிய வேண்டும். கடைக்காரர் நிறையில் குறை வைக்கக்கூடாது. வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குச் சம்பளம் நாள் தவறாமல் போக வேண்டும். கோபித்துக்கொண்டு பேசாமலிருக்கும் சகோதரனுக்கு நாமே முதலில் தொலைபேசி எடுக்க வேண்டும். மாடிப்படி ஏற முடியாத பக்கத்து வீட்டு முதியவருக்கு மருந்து வாங்கிக் கொடுக்க வேண்டும்.

கொச்சிக்கடைக்குப் போங்கள், மெழுகுதிரி ஏற்றுங்கள். இன்றிரவு உங்கள் வீட்டிலும் எல்லோரையும் கூப்பிட்டு ஒன்றாக முழந்தாளிடுங்கள். பூட்டிய கோவில்களின் காலத்திலும் நம் முன்னோர் விடாத வழக்கத்தை, கோவில் திறந்திருக்கும் காலத்தில் நாம் கைவிடலாகாது.