சேற்றில் டிராக்டர் சிக்கினால் டிபரன்சியல் லாக்கைப் பயன்படுத்தும் முறை

டிராக்டர் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் ஓடவேண்டும். இதற்கு இடம் கொடுப்பது பின் அச்சிலுள்ள டிபரன்சியல் ஆகும். இது இரு சக்கரங்களுக்கும் சம விசையையே பகிர்ந்தளிக்கும். ஆகவே, ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கிச் சுழன்றால், கெட்டித் தரையிலுள்ள மற்றதற்கும் அந்தச் சொற்ப விசையே கிடைக்கும். டிராக்டர் நகராது.

இந்நிலையில் டிபரன்சியல் லாக் உதவும். இது இரு சக்கரங்களையும் இணைத்து ஒரே வேகத்தில் சுழலச் செய்யும்.

பயன்படுத்தும் முறை:

1. கிளட்ச்சை மிதித்துச் சக்கரச் சுழற்சியை முதலில் நிறுத்தவும். சுழலும்போது லாக்கைப் போட்டால் பற்கள் உடையும்.

2. லாக்கை மிதித்து, தாழ்ந்த கியரில் நேராக மெதுவாக ஓட்டவும்.

3. வெளியே வந்தவுடன் லாக்கை விடுவிக்கவும். விடுபடாவிட்டால் கிளட்ச்சை மிதித்துப் பளுவைக் குறைக்கவும்.

லாக் போட்ட நிலையில் வண்டியைத் திருப்பாதீர்கள். டிராக்டர் நேராகவே செல்ல முயலும். வரப்பு, கிணற்று ஓரங்களில் இது ஆபத்து. தார்ச் சாலையிலும் லாக் கூடாது.

இரு சக்கரங்களும் புதைந்துவிட்டால் லாக்கினால் பயனில்லை. அப்போது சக்கரத்தில் மரக்கட்டையைக் கட்டி ஓட்டுவது உயிருக்கே ஆபத்தாகும். கட்டை தரையில் ஊன்றிச் சக்கரம் சுழலாது நின்றால், டிராக்டரின் முன்பகுதி எழும்பி, வண்டி ஓட்டுநர்மீது பின்புறமாகக் கவிழும். முன்னால் உள்ள சேற்றை வெட்டி அகற்றுங்கள். அல்லது வேறொரு டிராக்டரால் இழுத்து மீட்பதே நலம்.

பழைய டிராக்டர் வாங்குவோர், லாக் பிடிப்பதையும் தானாக விடுபடுவதையும் வயலில் ஓட்டிப் பார்த்து வாங்குதல் வேண்டும்.