பான்-மாஸ் சேலஞ்ச்

பான்-மாஸ் சேலஞ்ச் என்பது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் நடைபெறும் நிதி திரட்டும் மிதிவண்டிப் பயணம் ஆகும். புற்றுநோயால் இறந்த தன் தாயின் நினைவாக பில்லி ஸ்டார் என்பவர் 1980-இல் இதைத் தொடங்கினார். திரளும் நிதி பாஸ்டன் நகரிலுள்ள டேனா-ஃபார்பர் புற்றுநோய் நிறுவனத்துக்கு வழங்கப்படுகிறது.

வரலாறு

ஸ்டாரின் தாய் 1974-இல் மெலனோமா என்னும் தோல் புற்றுநோயால் இறந்தார். ஆறு ஆண்டுகளுக்குப் பின், ஸ்டாரும் நண்பர்களுமாக 36 பேர் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து கடற்கரை ஊரான பிராவின்ஸ்டவுன் வரை ஏறத்தாழ 350 கி.மீ. தொலைவை இரண்டு நாட்களில் மிதிவண்டியில் கடந்தனர். அந்த முதல் பயணத்தில் 10,200 டாலர் திரண்டது. 2020-இல் கொரோனா பரவலால் அனைவரும் கூடி ஓட்ட இயலவில்லை. பங்கேற்பாளர்கள் தத்தம் ஊர்களிலேயே மிதிவண்டி ஓட்டி 5 கோடி டாலர் திரட்டினர். 2024-இல் மட்டும் 7.5 கோடி டாலர் திரண்டது. தொடக்கம் முதல் சேர்ந்த மொத்தத் தொகையும் அவ்வாண்டில் 100 கோடி டாலரைக் கடந்தது.

நடைமுறை

தற்போது 6,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்கின்றனர். இது பந்தயம் அன்று; முதலிடம், பரிசு என எதுவும் இல்லை. முதன்மைத் தடம் ஸ்டர்பிரிட்ஜிலிருந்து பிராவின்ஸ்டவுன் வரை ஏறத்தாழ 300 கி.மீ. நீளமுடையது. ஒருநாள் பயணத்துக்கான குறுகிய தடங்களும் உள்ளன. உணவு, குடிநீர், பழுதுபார்ப்பு, மருத்துவ உதவி ஆகியவற்றைத் தன்னார்வலர்கள் கவனிக்கின்றனர்.

ஒவ்வொருவரும் தம் உறவினர், நண்பர்களிடம் ஒரு குறைந்தபட்சத் தொகையைத் திரட்ட வேண்டும். குறையும் தொகையை அவரே செலுத்த வேண்டும். நிகழ்ச்சிச் செலவுகள் பதிவுக் கட்டணம், புரவலர் நிதி போன்றவற்றால் ஈடுகட்டப்படுகின்றன. ஆதலால் பங்கேற்பாளர் திரட்டும் பணம் முழுவதும் மருத்துவப் பணிக்கே சேர்கிறது.

பலர் தாம் இழந்தவரின் படத்தையோ பெயரையோ தாங்கி ஓட்டுகின்றனர். நோயிலிருந்து மீண்டவர்களும் பங்கேற்கின்றனர். சில குழுக்கள் சிகிச்சை பெறும் ஒரு குழந்தையைத் தோழராக ஏற்று, அக்குழந்தைக்காக ஓட்டுகின்றன.

சென்னைத் தொடர்பு

டேனா-ஃபார்பர் நிறுவனத்தை 1947-இல் நிறுவியவர் சிட்னி ஃபார்பர். குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு அவர் பயன்படுத்திய அமினாப்டெரின் மருந்து, எல்லாப்பிரகத சுப்பாராவ் தலைமையிலான ஆய்வுக்குழுவிடமிருந்து கிடைத்தது. சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். 16 குழந்தைகளில் 10 பேருக்கு அம்மருந்து தற்காலிகத் தணிவு அளித்ததாக ஃபார்பர் 1948-இல் அறிவித்தார். புற்றுநோய்க்கான வேதிச்சிகிச்சையின் தொடக்கங்களுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

உற்றாரின் இழப்பு பொதுப்பணியாக மாறியதற்குச் சென்னையிலும் சான்று உண்டு. 1923-இல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் நிலையம் 1954-இல் தொடங்கப்பட்டது.