வான்கோவைச் சுட்டது யார்?
ஓவியர்கள் தேடிப்போன கிராமத்தில் தீராத மர்மம்

பிரான்சு நாட்டில், பாரீசுக்கு வடமேற்கே சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில் ஓய்ஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது ஓவெர் கிராமம். கோதுமை வயல்கள், பழைய மாதா கோவில், சந்தடி இல்லாத தெருக்கள். தோபிஞி, பிசாரோ, செசான் முதலிய ஓவியர்கள் இங்கே படம் வரைந்திருக்கிறார்கள்.

இந்த அமைதியான ஊரில்தான் 1890-ம் ஆண்டு, ஓவியர் வின்சென்ட் வான்கோ குண்டு பாய்ந்து இறந்தார். தற்கொலையா? கொலையா? 130 ஆண்டுகளைத் தாண்டியும் விவாதம் ஓயவில்லை.

தம்பி அனுப்பிய பணம்

வான்கோ ஹாலந்து நாட்டுக்காரர். ஓராண்டு மனநோய் ஆஸ்பத்திரியில் இருந்து விட்டு, 1890 மே 20-ந் தேதி ஓவெருக்கு வந்தார். ராவு என்பவரின் விடுதியில் மாடி அறை எடுத்தார். அறைக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்து நாள் ஒன்றுக்கு மூன்றரை பிராங்க். பாரீசில் ஓவிய வியாபார நிறுவனத்தில் வேலை பார்த்த தம்பி தியோதான் பணம் அனுப்பி வந்தார்.

தியோவுக்குக் கைக்குழந்தை. முதலாளிகளோடு மனத்தாங்கல். வேலையை விடலாமா என்று யோசித்துக் கொண்டிருந்தார். தம்பிக்குப் பாரமாகி விட்டோமே என்ற கவலை வான்கோவின் கடிதத்தில் தெரிகிறது. ஜூலை 23-ல் தம்பிக்கு எழுதிய கடிதத்திலும், அவர் அனுப்பிய 50 பிராங்க் நோட்டுக்கு நன்றி சொல்லி இருந்தார். ஆனாலும் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. 70 நாட்களில் 70-க்கு மேற்பட்ட படங்களை வரைந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை. வெளியே போன வான்கோ, இருட்டிய பிறகு வயிற்றைப் பிடித்துக் கொண்டு விடுதிக்குத் திரும்பினார். டாக்டர்கள் வந்தார்கள். குண்டை எடுக்க முடியவில்லை. போலீசார் விசாரித்தபோது, யார் மீதும் குற்றம் சொல்ல வேண்டாம் என்று அவர் சொன்னதாக விடுதிக்காரரின் மகள் பிற்காலத்தில் கூறினார். தகவல் கிடைத்து தியோ ஓடோடி வந்தார். 29-ந் தேதி அதிகாலையில் வான்கோ உயிர் பிரிந்தது. வயது 37.

பதினாறு வயதுப் பையன்

2011-ல் ஸ்டீவன் நைஃபே, கிரிகரி ஒயிட் ஸ்மித் என்ற இரு அமெரிக்க எழுத்தாளர்கள் வான்கோவின் வரலாற்றை வெளியிட்டு, சில கேள்விகளைக் கிளப்பினார்கள். துப்பாக்கி அப்போது ஏன் கிடைக்கவில்லை? கொண்டுபோன ஓவியச் சாமான்கள் எங்கே போயின? குண்டடிபட்டவர் அவ்வளவு தூரம் நடந்து வந்தது எப்படி?

இவர்கள் சந்தேகப்பட்டது ரெனே செக்ரெத்தான் என்ற பாரீஸ் பணக்கார வீட்டுப் பையனை. விடுமுறைக்கு ஓவெருக்கு வந்தவன். அமெரிக்க கௌபாய் போல உடுத்தி, கைத்துப்பாக்கியுடன் திரிந்தவன். ஓவியரைக் கேலி செய்து பொழுது போக்கியவன். அவன் கையில் இருந்த துப்பாக்கி வெடித்திருக்கலாம். பையனைக் காப்பாற்ற வான்கோ பழியைத் தன்மேல் போட்டுக் கொண்டிருக்கலாம் என்பது இவர்கள் வாதம்.

ரெனே முதுமையில், 1956-ல் பேட்டி அளித்தார். தன்னிடம் இருந்த துப்பாக்கியை வான்கோ எடுத்துக் கொண்டார் என்றார். தான் சுட்டதாகச் சொல்லவில்லை. மறு ஆண்டு இறந்து விட்டார்.

நிபுணர்கள் மறுப்பு

ஆம்ஸ்டர்டாம் வான்கோ அருங்காட்சியக நிபுணர்கள் இருவர் 2013-ல் இந்த வாதத்தை மறுத்தார்கள். படுக்கை அருகே இருந்த தியோவோ, சவ ஊர்வலத்துக்கு வந்த நண்பர்களோ கொலை என்று நினைக்கவில்லை. வான்கோ முன்பும் தன்னைத் தானே காயப்படுத்திக் கொண்டவர்.

1960-ம் ஆண்டு வாக்கில் ஓவெர் வயலில் ஒரு விவசாயிக்குத் துருப்பிடித்த கைத்துப்பாக்கி கிடைத்தது. அது 2019-ல் பாரீசில் 1,62,500 யூரோவுக்கு ஏலம் போனது. ஆனால் அதுதான் இது என்று நிரூபணம் ஆகவில்லை.

பையன் சுட்டதைக் கண்ட சாட்சி இல்லை. குற்றச்சாட்டு எழுந்தபோது, பதில் சொல்ல அவர் உயிரோடும் இல்லை. சந்தேகத்தை மட்டும் வைத்து ஒருவரைக் கொலைகாரர் என்று சொல்வது நியாயம் ஆகாது.

அண்ணன் இறந்த ஆறே மாதத்தில், 1891 ஜனவரி 25-ந் தேதி தியோவும் ஹாலந்தில் காலமானார். 1914-ல் அவர் உடல் ஓவெருக்குக் கொண்டு வரப்பட்டது. கோதுமை வயலை ஒட்டிய இடுகாட்டில் அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். இரண்டு கல்லறைகள் மீதும் ஒரே பச்சைக் கொடி படர்ந்திருக்கிறது.