பழிகரப்பு: அங்கதத்தின் நோக்கும் உத்தியும் குறித்துச் சில சிந்தனைகள்

அங்கதம் என்பதை நகைச்சுவைக்கு மறுபெயராக வழங்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் மறைந்தபாடில்லை. நகைப்பு இரண்டுக்கும் பொதுவாயிருப்பதே இம்மயக்கத்துக்குக் காரணமாகும். தொல்காப்பியர் இதற்கு இடந்தரவில்லை. மெய்ப்பாட்டியலிலே நகை பிறக்கும் நான்கு நிலைக்களன்களுள் ஒன்றாக எள்ளலைக் கூறும் அவர், அங்கதத்தைச் செய்யுளியலில் பாட்டு, உரை, நூல் முதலியவற்றோடு ஒருங்குவைத்துத் தனியொரு வகையாக எண்ணுகிறார். நகை அங்கதத்துக்குக் கருவி. அதன் உட்பொருள் வசை. அவ்வசை வெளிப்பட நிற்பின் செம்பொருளங்கதம். மறைந்து நிற்பின் பழிகரப்பு. இலக்கணகாரரின் வகைப்பாடு என்று இதனைக் கடந்து சென்றுவிடலாம். ஆயின் பழியை ஏன் கரக்கவேண்டும், எதனுள்ளே கரக்கவேண்டும் என்று வினவத் தொடங்கியதும் இலக்கணம் சமூகவியலாகிவிடுகின்றது.

ஏன் என்பதற்கு அச்சம் என்பதே உடனடியான விடை. வலியோனை எளியோன் நேர்நின்று பழித்தல் இயலாது. இவ்விடை தவறன்று, எனினும் போதாது. எதனுள்ளே என்ற இரண்டாவது வினாவே முக்கியமானது என்பது எமது கருத்தாகும். ஒவ்வொரு காலத்திலும் அதிகாரம் தன்னை நியாயப்படுத்தப் பயன்படுத்தும் மொழியொன்று உண்டு. வலுவான அங்கதம் அம்மொழியையே உடுத்திக்கொண்டு வருகின்றது.

புறநானூற்றின் 95ஆம் பாடல் இதற்குத் தக்க சான்று. அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதாகச் சென்ற ஔவையாருக்குத் தொண்டைமான் தனது படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். அவரோ அப்படைக்கலங்களின் அழகைப் புகழ்கிறார்: பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்று அவை காவலிலே விளங்குகின்றன, அதியமானின் வேல்களோ நுனி சிதைந்து கொல்லன் உலைக்களத்திலே கிடக்கின்றன. கேட்பவன் மறுக்கக்கூடிய சொல் ஒன்றேனும் இல்லை. அரசவை விரும்பிக் கேட்கும் மொழி புகழ்மொழி. அதற்குள்ளேயே பழி கரந்து நிற்கின்றது. ஆயினும் இவ்வங்கதம் ஒரு வேந்தன்பொருட்டு இன்னொரு வேந்தனை நோக்கி எய்யப்பட்டது என்பதையும் மறத்தலாகாது. போருக்குச் செல்லும் உழுகுடி மகன் இதில் எவ்விடத்தும் இல்லை.

உத்தியின் முழு ஆற்றலையும் காண்பதற்கு 18ஆம் நூற்றாண்டின் அயர்லாந்துக்குச் செல்லவேண்டும். ஜோனதன் ஸ்விவ்ற் 1729இல் டப்ளினில் பெயர் குறிப்பிடாது வெளியிட்ட ‘ஓர் அடக்கமான யோசனை’ என்னும் சிறு பிரசுரம் தோன்றிய சூழலை முதலில் நோக்குவோம். நிலத்தின் மிகப்பெரும் பகுதி இங்கிலாந்திலிருந்து வந்தேறிய புரட்டஸ்தாந்து நிலக்கிழாரிடம் இருந்தது. அவருட் பலர் குத்தகைப் பணத்தைப் பெற்று இங்கிலாந்திலேயே வாழ்ந்தனர். 1699ஆம் ஆண்டுச் சட்டம் அயர்லாந்தின் கம்பளித் துணி பிறநாடுகளுக்கு ஏற்றுமதியாவதைத் தடுத்திருந்தது. 1720களின் பிற்பகுதியில் விளைச்சல் தொடர்ந்து பொய்த்தது. டப்ளின் தெருக்களிலே பிள்ளைகளுடன் இரந்து திரியும் பெண்கள் அன்றாடக் காட்சியாயினர்.

இச்சூழலில் ஸ்விவ்ற் கண்ணீர் வடிக்கவுமில்லை, வசைபாடவுமில்லை. அவர் ஒரு கணக்காளனைப் படைக்கிறார். நாட்டுநலனிற் கரிசனை கொண்ட, நிதானமான, தன்னலமற்ற மனிதன் அவன். வறியோர் வீடுகளில் ஆண்டுதோறும் 120,000 பிள்ளைகள் பிறக்கின்றன என்று கணக்கிடுகிறான். 20,000ஐ இனப்பெருக்கத்துக்கென ஒதுக்கி, எஞ்சிய 100,000ஐ ஒரு வயது நிறைந்ததும் செல்வர் மேசைக்கு இறைச்சியாக விற்கலாம் என்கிறான். வளர்ப்புச் செலவு 2 சிலிங். விலை 10 சிலிங். தாய்க்கு இலாபம் 8 சிலிங். பெற்றோரை ஏற்கெனவே விழுங்கிவிட்ட நிலக்கிழாருக்குப் பிள்ளைகள்மீது உரிமை அதிகம் என்று போகிறபோக்கில் ஒரு வார்த்தையும் சொல்கிறான். இம்முழு நூலிலும் அதன் ஆசிரியரின் சொந்தக் குரல் ஒரு கணம் திரை விலக்கி நோக்கும் இடங்களுள் அது ஒன்று.

இக்கணக்காளனின் மொழி எங்கிருந்து வந்தது? வில்லியம் பெற்றியின் ‘அரசியல் எண்கணிதம்’ என்னும் துறையிலிருந்தே வந்தது. குரொம்வெல் அயர்லாந்தைக் கைப்பற்றியபின் பறிமுதலான நிலங்களைப் பங்கிடுவதற்காக அந்நாட்டை அளந்தவர் பெற்றி. அந்நிலங்களிற் பெரும்பகுதி ஒன்றினைத் தாமும் பெற்றவர். மனிதரைத் தலைக்கு இவ்வளவு என்று பணத்தால் மதிப்பிட்டு எழுதியவரும் அவரே. அவரைத்தான் மார்க்ஸ் நவீன அரசியற் பொருளாதாரத்தின் தந்தையாகக் கொண்டார். ஆக, ஸ்விவ்ற் கையாண்டது ஏதோவொரு வேடிக்கை மொழியன்று. வளர்ந்துவரும் முதலாளித்துவம் உலகை நோக்கக் கற்றுக்கொண்டிருந்த மொழியையே அவர் கையாண்டார். மனிதரைப் பண்டமாகக் காணும் அம்மொழியை அதன் தருக்கத்தின் கடைசிப் படிவரை இட்டுச் செல்கிறார், வேறொன்றும் செய்யவில்லை. முதன்முறை வாசிப்போர் சில பக்கங்கள்வரை தலையசைத்துக்கொண்டே செல்வது வழக்கம். பின்னர்தான் தாம் எதற்குத் தலையசைத்தோம் என்பது உறைக்கின்றது. தீர்ப்பை ஆசிரியர் வழங்காது வாசகன்மீது சுமத்துவதே பழிகரப்பின் உண்மைப் பயன் எனலாம்.

இன்னொரு நுட்பமும் குறிப்பிடத்தக்கது. ஊர்நீங்கிய நிலக்கிழார்மீது வரி விதித்தல், உள்நாட்டு உற்பத்திகளையே பயன்படுத்தல் முதலிய மெய்யான பரிகாரங்களைக் கணக்காளன் இறுதியில் வரிசையாகச் சொல்லி, அவை நடைமுறைக்கு ஒவ்வாதவை என்று ஒதுக்கிவிடுகிறான். அவை யாவும் ஸ்விவ்ற் தாமே பல ஆண்டுகளாக வற்புறுத்தி வந்தவை.

இதனால் விளைந்தது யாது? அங்கதம் சமூகத்தைத் திருத்தும் என்று பாடநூல்கள் பொதுப்படக் கூறும் கூற்றை இவ்விடத்துச் சற்று ஐயத்துடன் நோக்குதல் வேண்டும். 1724இல், வுட் என்பவருக்கு அயர்லாந்தின் செப்புநாணயம் அடிக்க வழங்கப்பட்ட உரிமையை எதிர்த்து, துணிவணிகன் ஒருவனின் வேடத்தில் ஸ்விவ்ற் கடிதங்கள் வெளியிட்டார். ஆசிரியரைக் காட்டிக்கொடுப்போருக்கு 300 பவுண் பரிசு அறிவிக்கப்பட்டது. அச்சகத்தார் சிறைசென்றார். எழுதியவர் யாரென்பது டப்ளின் அறிந்த இரகசியம்; எனினும் எவரும் முன்வரவில்லை. 1725இல் அவ்வுரிமை மீளப்பெறப்பட்டது. 1729ஆம் ஆண்டுப் பிரசுரமோ இதனினும் மிகச் சிறந்த படைப்பு; அதனால் எதுவும் மாறவில்லை. 1740–41இல் பெரும்பஞ்சம் வந்தது. நாணய விவகாரத்தில் வணிகர், மதகுருமார், நிலக்கிழார் யாவரது பணப்பையும் ஆபத்துக்குள்ளாயிற்று. எனவே எழுத்தின் பின்னால் ஒரு சமூகசக்தி திரண்டு நின்றது. இரப்போரின் பிள்ளைகளுக்கோ அத்தகைய பின்பலம் இருக்கவில்லை. வேறுபாட்டை எழுத்தின் தரத்திலே தேடுவது வீண்.

ஸ்விவ்றை மக்கள் கலைஞராக உயர்த்திவிடும் அவசரமும் நமக்கு வேண்டாம். அவர் டப்ளின் புனித பற்றிக் தேவாலயத்தின் முதல்வர், அரசியலிற் பழைமைவாதி. 1737இல் அவரே இரப்போருக்கு அடையாளவில்லை அணிவித்து, வெளியூர்ப் பிச்சைக்காரரை நகரிலிருந்து துரத்தவேண்டும் என்று மெய்யாகவே யோசனை கூறி எழுதினார். இம்முறை வேடம் எதுவும் இல்லை. பல்சாக்கைப் பற்றி 1888இல் ஹார்க்னஸ் அம்மையாருக்கு எழுதிய கடிதத்தில் எங்கெல்ஸ் கூறியது இங்கும் பொருந்துகின்றது: படைப்பின் யதார்த்தம் படைப்பாளியின் கருத்துகளையும் மீறி வெளிப்படலாம். கணக்காளனின் வேடத்தைப் பூண்டபோது ஸ்விவ்ற் கண்டதைத் தமது சொந்தக் குரலிற் பேசியபோது அவர் காணவில்லை.

நமது நாட்டிலே இதனோடு ஒப்புநோக்கத்தக்கது 19ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் நட்டுவச் சுப்பையனார் இயற்றிய கனகி புராணம். அரசியற் பொருளாதாரமன்று, புராணமே அச்சமூகத்தின் அதிகார மொழி. கோயில்களிலே கந்தபுராணம் படித்துப் பயன்சொல்லும் மரபினாற் சைவ வேளாள மேலாண்மை தன்னைப் புனிதப்படுத்திக்கொண்ட காலம் அது. சுப்பையனார் அந்த வடிவத்தை எடுத்து, வண்ணார்பண்ணைச் சிவன் கோயில் ஆடல்மகள் ஒருத்தியைத் தலைவியாக்கினார். சுயம்வரப் படலத்திலே மன்னர்க்குப் பதில் ஊர்ப் பெரிய மனிதரை வரிசையாக நிறுத்தினார். காவிய இலக்கணம் பிசகவில்லை, பிசகாமையே அடியாகின்றது.

எனினும் இரு படைப்புகளுக்கும் இடையில் ஒரு வேறுபாடு உண்டு. அதனை நம் விமர்சகர்கள் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை. ஸ்விவ்றின் நூலிலே இரந்து திரியும் தாய்மீது நகை விழுவதில்லை. கணக்குப் போடுபவன்மீதே விழுகின்றது. கனகி புராணத்திலோ பெரிய மனிதரைச் சென்றடையும் அம்பு கனகியின் உடலையும் தொழிலையும் ஊடுருவியே செல்கின்றது. அவளைக் கோயிலுக்குரியவளாக்கி, பின்னர் தம் நுகர்ச்சிக்குரியவளாக்கிய நிலவுடைமை அமைப்பைப்பற்றி அந்நூல் கேள்வி எழுப்புவதில்லை. நூல் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. எஞ்சிய செய்யுட்களைக் கொண்டே இதனைக் கூறுகிறோம். அச்செய்யுட்களிலே வந்துபோகும் பெரிய மனிதர் யாவரென்று அறிய இன்று குறிப்புரை வேண்டும். நூலின் பெயரிலே நிற்பது அவளது பெயரே.