ஒழுங்கு ஏன் குலைகிறது? வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி

கோப்பையில் ஊற்றி வைத்த சூடான தேநீர் சற்று நேரத்தில் ஆறிவிடுகிறது. ஆறிய தேநீர், அறையிலுள்ள வெப்பத்தைத் தானே ஈர்த்துக்கொண்டு மீண்டும் சூடானதை யாரும் கண்டதில்லை. இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றலாம். ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று கூறும் முதல் விதி, ஆறிய தேநீர் சூடாவதைத் தடுக்கவில்லை. அறை இழக்கும் ஆற்றலைத் தேநீர் பெற்றுக்கொண்டால் அவ்விதியின் கணக்கு நேராகிவிடும். ஆயினும் அது நிகழ்வதில்லை. இயற்கை நிகழ்வுகளுக்குத் திசை காட்ட இன்னொரு விதி வேண்டியிருக்கிறது. அதுவே இரண்டாம் விதி.

‘ஒழுங்கின்மை எப்போதும் பெருகும்’ என்று இவ்விதியை ஒரே வரியில் சுருக்கிக் கூறுவதுண்டு. அவ்வரியை மட்டும் மனனம் செய்யும் மாணவர், பொருள்களைக் குலைப்பதற்கென்றே ஒரு விசை எங்கோ ஒளிந்திருப்பதாக எண்ணிவிடக்கூடும். அப்படியொரு விசை இல்லை. இங்கே ஆட்சி செய்வது எண்ணிக்கை. அதனையே இக்கட்டுரையில் நாம் விளக்க முற்படுகிறோம்.

விதி பிறந்த வழி

பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ, 1824இல் வெளியிட்ட நூலில் வெப்ப இயந்திரங்களின் இயல்பை ஆராய்ந்தார். வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்திற்குச் செல்லும்போதுதான் அதனிடமிருந்து வேலை வாங்க இயலும் என்றும், அவ்வேலையின் உச்ச எல்லையை அவ்விரு இடங்களின் வெப்பநிலைகளே வகுக்கின்றன என்றும் அவர் கண்டார். செருமானிய இயற்பியலறிஞர் ருடால்ஃப் கிளாசியஸ், 1850 முதல் வெளியிட்ட ஆய்வுகளில் இதனை ஒரு பொது விதியாக நிறுவினார். வேறு மாற்றம் எதுவும் உடன் நிகழாமல், வெப்பம் குளிர்ந்த பொருளிலிருந்து சூடான பொருளுக்குச் செல்லாது என்பது அதன் சாரம்.

1865இல் அவர் ‘என்ட்ரோபி’ என்னும் சொல்லைப் படைத்தார். மாற்றத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அதற்கு அடிப்படை. ஒரு பொருளுக்குள் வரும் அல்லது வெளியேறும் வெப்பத்தை, அப்பொருளின் கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால், அதன் என்ட்ரோபி எவ்வளவு மாறியது என்பது கிடைக்கும்.

ஒரு சிறு கணக்கைக் காண்போம். தேநீரின் வெப்பநிலை 350 கெல்வின், அதாவது ஏறத்தாழ 77 டிகிரி செல்சியஸ். அறையின் வெப்பநிலை 300 கெல்வின், ஏறத்தாழ 27 டிகிரி செல்சியஸ் எனக் கொள்வோம். தேநீரிலிருந்து 2,100 ஜூல் வெப்பம் அறைக்குச் செல்கிறது. அந்த அளவு வெப்பத்தால் இரு வெப்பநிலைகளும் குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை என்க. தேநீரின் என்ட்ரோபி 6 அலகு குறைகிறது. அறையின் என்ட்ரோபி 7 அலகு கூடுகிறது. மொத்தத்தில் 1 அலகு மிகுதி. இதே வெப்பம் எதிர்த்திசையில் சென்றால், அறை 7 அலகை இழக்க, தேநீர் 6 அலகையே பெறும், மொத்தம் குறைந்துவிடும். தானே நிகழும் எந்த மாற்றத்திலும் இம்மொத்தம் குறைவதில்லை என்பதே விதி.

எண்ணிக்கையின் ஆட்சி

ஏன் குறைவதில்லை? இதற்கு விடை தேடியவர்களுள் தலையாயவர் ஆஸ்திரிய அறிஞர் லுட்விக் போல்ட்ஸ்மன். ஒரு பொருளின் மூலக்கூறுகள், அதன் வெளித்தோற்றம் மாறாமல் எத்தனை வகைகளில் அமைய முடியும் என்பதை எண்ணினால் என்ட்ரோபி கிடைக்கும் என்று 1877இல் அவர் விளக்கினார். வியன்னாவில் உள்ள அவருடைய கல்லறையில் அதற்குரிய சமன்பாடு பொறிக்கப்பட்டுள்ளது.

பூவா தலையா பார்க்கும் நாணயங்களைக் கொண்டே இதனை விளங்கிக்கொள்ளலாம். பத்து நாணயங்களைச் சுண்டினால் 1,024 வகையான முடிவுகள் உண்டு. எல்லாம் தலையாக விழுவதற்கு ஒரே வழி. ஐந்து தலையும் ஐந்து பூவுமாக விழுவதற்கு 252 வழிகள். நூறு நாணயங்களைச் சுண்டினால் முடிவுகளின் எண்ணிக்கை, 1ஐ அடுத்து 30 சுழியங்களை எழுதினால் வரும் எண்ணையும் விஞ்சும். அவற்றுள் அனைத்தும் தலையாக இருப்பது ஒன்றே ஒன்று. தலைகளின் எண்ணிக்கை 40க்கும் 60க்கும் இடையில் அமையும் வாய்ப்போ ஏறத்தாழ 96 விழுக்காடு.

எல்லா நாணயங்களையும் தலை தெரியுமாறு ஒரு தட்டில் அடுக்கி, தட்டை நன்றாகக் குலுக்கினால் அவை கலந்துவிடும். குலுக்கும் கைக்குக் கலப்பின்மேல் விருப்பமும் இல்லை, ஒழுங்கின்மேல் வெறுப்பும் இல்லை. ஒவ்வொரு தனி அமைவுக்கும் வாய்ப்பு ஒன்றே. ஆனால் நாம் ‘கலந்தது’ என்று அழைக்கும் அமைவுகள் மிகப் பல. ‘ஒழுங்கானது’ என்று அழைப்பவை மிகச் சில. ஒரு கன சென்டிமீட்டர் காற்றிலேயே ஏறத்தாழ இரண்டரை இலட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் உள்ளன. அவை அனைத்தும் தற்செயலாக ஒரு பாதிக்குள் ஒதுங்குவதை விதி முற்றாக விலக்கவில்லை. ஆயினும் அதற்காகப் பேரண்டத்தின் வயது முழுவதும் காத்திருந்தாலும் போதாது.

ஒழுங்கு பிறப்பதும் இவ்விதிப்படியே

அப்படியாயின் விதை மரமாவதும், நீர் பனிக்கட்டியாக உறைவதும் விதிக்கு முரண் அல்லவா என்று மாணவர் வினவக்கூடும். வினவ வேண்டும். விதி பேசுவது மொத்தத்தைப் பற்றி. குளிர்சாதனக் கருவி அறையைக் குளிர்விக்கிறது. அதன் வெளிப்பகுதியோ அறையிலிருந்து எடுத்த வெப்பத்தையும், தான் செலவிட்ட மின்னாற்றலையும் சேர்த்து வெளியே வீசுகிறது. அறைக்குள் குறைந்த என்ட்ரோபியைவிட வெளியே கூடியது மிகுதி.

உயிரின் கணக்கும் இத்தகையதே. சூரியனிடமிருந்து பெறும் ஆற்றலுக்கு ஏறத்தாழச் சமமான ஆற்றலைப் புவி விண்வெளிக்குத் திருப்பி விடுகிறது. ஆனால் வரும் ஒவ்வோர் ஒளித்துகளுக்கும் ஈடாக, ஏறத்தாழ 20 அகச்சிவப்புத் துகள்கள் வெளியேறுகின்றன. செறிந்து வந்த ஆற்றல் சிதறிச் செல்கிறது. இந்த இடைவெளியில்தான் இலை துளிர்க்கிறது.

வகுப்பறையில் ஒரு சொல்

தமிழில் ‘ஒழுங்கு’ என்னும் சொல் ‘ஒழுக்கம்’ என்பதன் உறவுச்சொல். எனவே ‘ஒழுங்கின்மை’ என்றவுடன் சீர்கேடு, பிழை என்னும் சாயல் மாணவர் மனத்தில் படிகிறது. அறிவியலில் அச்சாயலுக்கு இடமில்லை. சொல்லைக் கைவிட வேண்டும் என்பதன்று நம் கருத்து; சொல்லுக்கு முன் எண்ணிக்கையைக் கற்பிக்க வேண்டும் என்பதே. பத்து நாணயங்களை மாணவர் கையில் கொடுத்து, நூறு முறை சுண்டி, ஒவ்வொரு முறையும் விழும் தலைகளை எண்ணி அட்டவணை இடச் சொல்லலாம். அட்டவணையின் நடுப்பகுதி தானே பருத்து நிற்பதைக் கண்ட மாணவர்க்கு, ‘அமைவுகள் மிகுந்த நிலையை நோக்கியே இயற்கை செல்கிறது’ என்னும் வரி மனனத்திற்குரியதாக இராது. அவர் தாமே கண்டறிந்த உண்மையாக இருக்கும்.