உங்களுக்குத் தெரியுமா? – ஏசி ஏன் படுக்கிறது?

● நவீன ஏசி பிறந்தது ஓர் அச்சகத்துக்காக! 1902-ல் நியூயார்க்கின் புரூக்ளினில், காற்றின் ஈரத்தால் தாள் விரிந்து சுருங்கியதில் வண்ணங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் விலகின. அதைச் சரிசெய்யத்தான் 25 வயதுப் பொறியாளர் வில்லிஸ் கேரியர் இதை வடிவமைத்தார். காற்றிலிருக்கும் ஈரத்தை வெளியேற்றுவது இன்றும் ஏசியின் முக்கிய வேலைகளில் ஒன்று.

● புழுக்கமான நாளில் ஒன்றரை டன் ஏசி, மணிக்கு ஒரு லிட்டருக்கும் மேல் தண்ணீரைக் காற்றிலிருந்து பிழிந்தெடுக்கும். டிரெயின் பைப்பில் தூசியும் பாசியும் அடைத்துக்கொண்டால் அத்தனையும் சுவரில் வழியும். பைப்பின் நுனி வாளித் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தாலும் நீர் சரியாக இறங்காது. சேரும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம், தரை துடைக்கலாம், குடிக்கக் கூடாது.

● ‘ஒரு டன்’ என்பது ஏசியின் எடை கிடையாது. ஐஸ் விற்ற காலத்துக் கணக்கு அது. சுமார் 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ, அதுதான் ஒரு டன். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் பெரிய அறைக்கு ஒரு டன் ஏசி மாட்டினால், கம்ப்ரசருக்கு ஓய்வே இருக்காது; சீக்கிரம் தேயும்.

● ஏசியில் கேஸ் தீர்ந்துபோகாது. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றிவருகிறது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் வருடா வருடம் கேஸ் ஏற்றுவது காசுக்குப் பிடித்த கேடு. மெக்கானிக்கிடம் முதலில் கேட்க வேண்டியது: “லீக் எங்கே?”

● ஏசிக்குள் இருக்கும் குளிர்விக்கும் குழாய்ச்சுருளான காயிலில் பனி படர்ந்தால், ‘நல்லா கூலிங் ஆகுது’ என்று மகிழ வேண்டாம். ஃபில்டர் அடைத்துக் காற்று போதாமல் இருக்கலாம், அல்லது கேஸ் குறைந்திருக்கலாம். கூலிங்கை நிறுத்தி, ஃபேன் மோடில் ஓடவிட்டுப் பனியை உருக விடுங்கள். கத்தியால் சுரண்டினால் காயில் ஓட்டையாகிவிடும்.

● அடைத்த ஃபில்டருக்குப் பதில் சுத்தமான ஃபில்டர் இருந்தால் ஏசியின் மின்செலவு 5 முதல் 15 சதவீதம் வரை குறையலாம் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, குழாய்த் தண்ணீரில் அலசி, நிழலில் காய வையுங்கள். வெந்நீரும் கொளுத்தும் வெயிலும் பிளாஸ்டிக் வலையை வளைத்துவிடும்.

● அறையின் சூட்டை வெளியே தள்ளுவது அவுட்டோர் யூனிட். அதைச் சுற்றிப் பழைய சாமான், துணிக்கொடி, பூந்தொட்டி என்று அடைத்தால், தள்ளிய சூட்டையே அது திரும்ப இழுக்கும், கம்ப்ரசர் திணறும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று அலுமினியத் தகடுகளை அரிக்கும் என்பதால் அடிக்கடி கழுவ வேண்டும். அழுத்தம் அதிகமான வாட்டர் ஜெட் வேண்டாம். மெல்லிய தகடுகள் மடங்கிக் காற்றுவழி மூடிவிடும்.

● பல்லிகூட ஏசியைக் கெடுக்கும்! கதகதப்புக்காக அவுட்டோர் யூனிட்டின் சர்க்யூட் போர்டுக்குள் புகுந்து ஷார்ட் சர்க்யூட் ஆக்கிவிடும். வயரும் பைப்பும் நுழையும் துளைகள் திறந்து கிடந்தால், சர்வீஸுக்கு வருபவரிடம் சொல்லி அடையுங்கள்.

● ஏசியை அணைத்த கையோடு போடக் கூடாது. குழாய்க்குள் அழுத்தம் சமமாவதற்குள் ஓடச் சொன்னால் கம்ப்ரசருக்குச் சிரமம். இதற்காகவே பல ஏசிகள் தாமாகவே மூன்று நிமிடம் காத்திருக்கும். ‘ஆன் ஆகலையே’ என்று ரிமோட்டை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டாம்.

● ஏசி போட்டதும் ஈரத்துணி வாடையா? உள்ளே ஈரத்தில் பூஞ்சை வளர்ந்திருக்கலாம். அணைப்பதற்கு முன் பத்து நிமிடம் ஃபேன் மோடில் ஓடவிட்டால் காயில் உலர்ந்துவிடும்.

● இந்தியாவில் 2020 ஜனவரி முதல், ஸ்டார் முத்திரை பெற்ற ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. 18-ல் வைத்தால் அறை வேகமாகக் குளிரும் என்பது தவறான நம்பிக்கை. சாதாரண ஏசி அதே வேகத்தில்தான் குளிர்விக்கும், கம்ப்ரசர்தான் கூடுதல் நேரம் ஓடும்.

● ஃபில்டர் வரைதான் நம் கைவேலை. அவுட்டோர் யூனிட்டின் மூடியைத் திறக்காதீர்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டரில் ஷாக் அடிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கலாம். ஏசிகளில் ஓடும் கேஸ்களில் ஆர்-32 ஓரளவும், ஆர்-290 எளிதாகவும் தீப்பற்றக்கூடியவை.

● கத்திரி வெயிலில் மெக்கானிக் கிடைப்பது குதிரைக்கொம்பு. பிப்ரவரியிலேயே சர்வீஸ் முடித்துவிட்டால், பழுதிருந்தாலும் பாகம் வாங்கிப் பொருத்த அவகாசம் இருக்கும்.