அயனிப் பிணைப்பும் அயனிச் சேர்மங்களின் பெயரிடலும்: கொல்லிமலை பாக்சைட் வழி ஒரு விளக்கம்

அயனிப் பிணைப்பு என்பது எதிரெதிர் மின்சுமை கொண்ட அயனிகள் நிலைமின் கவர்ச்சியால் பிணைந்திருப்பதாகும். இவ்வாறு உருவாகும் பொருள்கள் அயனிச் சேர்மங்கள் எனப்படுகின்றன. ஆலத்தூர் நாடு உள்ளிட்ட ஊராட்சிகளைக் கொண்ட நாமக்கல் மாவட்டக் கொல்லிமலையில் பாக்சைட் தாது காணப்படுகிறது. இதில் அலுமினியம் பெரும்பாலும் ஐதராக்சைடாக உள்ளது; தாதுவின் செந்நிறத்திற்கு இரும்பின் ஆக்சைடு காரணம். இவ்விரு சேர்மங்களும் அயனிகளின் பெயரிடல் விதிகளை விளக்கப் போதுமானவை.

பிணைப்பு உருவாதல்

சோடியத்தின் வெளிக்கூட்டில் 1 எலக்ட்ரானும் குளோரினின் வெளிக்கூட்டில் 7 எலக்ட்ரான்களும் உள்ளன. சோடியம் ஓர் எலக்ட்ரானை இழந்து நேர்மின் அயனியாகிறது. குளோரின் அதனை ஏற்று எதிர்மின் அயனியாகிறது. அலுமினியம் 3 எலக்ட்ரான்களை இழக்கும். ஆக்சிஜன் 2 எலக்ட்ரான்களை ஏற்கும்.

இம்மாற்றம் எட்டு எலக்ட்ரான் அமைப்பைப் பெறும் 'விருப்பத்தால்' மட்டும் நிகழ்வதில்லை. ஒரு மோல் சோடியம் அணுக்களிலிருந்து எலக்ட்ரானை நீக்க ஏறத்தாழ 496 கிலோஜூல் ஆற்றல் தேவை. குளோரின் அதனை ஏற்கும்போது வெளிவருவது ஏறத்தாழ 349 கிலோஜூல் மட்டுமே. அயனிகள் அணிக்கோவையாக அடுக்கப்படும்போது வெளிவரும் சுமார் 787 கிலோஜூல் ஆற்றலே இக்குறையை ஈடுசெய்து, சேர்மத்தை நிலைபெறச் செய்கிறது. அணிக்கோவையில் தனி மூலக்கூறு இல்லை. எனவே வாய்பாடு அயனிகளின் விகிதத்தையே காட்டுகிறது.

பெயரிடும் விதிகள்

1. நேர்மின் அயனியின் பெயர் முதலிலும் எதிர்மின் அயனியின் பெயர் பின்னரும் வரும்.

2. ஒற்றை அணு எதிர்மின் அயனியின் பெயர் 'ஐடு' என முடியும். குளோரின் குளோரைடு ஆகிறது. ஆக்சிஜன் ஆக்சைடு ஆகிறது.

3. பல அணு அயனிகள் தமக்குரிய பெயரையே கொள்ளும். சேலத்தில் வெட்டப்படும் மேக்னசைட்டின் முதன்மைச் சேர்மம் மெக்னீசியம் கார்பனேட் ஆகும். ஓரெழுத்து மாறினாலும் பொருள் மாறும்: சோடியம் நைட்ரேட்டைவிடச் சோடியம் நைட்ரைட் மிகுந்த நச்சுத்தன்மை உடையது.

4. ஒன்றுக்கு மேற்பட்ட மின்சுமை கொள்ளும் உலோகத்திற்கு அதன் மின்சுமையை ரோமன் எண்ணால் குறிக்க வேண்டும். செம்மண்ணில் உள்ளது இரும்பு(Ⅲ) ஆக்சைடு. இரும்பு(Ⅱ) ஆக்சைடு கறுப்பு நிறமுடைய வேறு சேர்மம். அலுமினியம் பொதுவாக 3 நேர்மின்சுமை மட்டுமே கொள்வதால் அதற்கு எண் தேவையில்லை.

விகிதத்தைப் பெயர் சொல்வதில்லை. மின்சுமைகளைச் சமன்செய்து நாமே கண்டறிய வேண்டும். 2 அலுமினியம் அயனிகளின் 6 நேர்மின்சுமையை 3 ஆக்சைடு அயனிகளின் 6 எதிர்மின்சுமை சமன்செய்கிறது. ஆகவே அலுமினியம் ஆக்சைடில் விகிதம் 2:3. அலுமினியம் ஐதராக்சைடில் அது 1:3. 'டை', 'ட்ரை' போன்ற எண் முன்னொட்டுகள் இங்கு இடப்படுவதில்லை. அவை கார்பன் டைஆக்சைடு போன்ற சகப்பிணைப்புச் சேர்மங்களுக்கு உரியவை.

தாதுவிலிருந்து உலோகம்

கொல்லிமலையிலும் சேர்வராயன் மலையிலும் வெட்டப்பட்ட பாக்சைட் மேட்டூர் அலுமினிய ஆலைக்கு அனுப்பப்பட்டது. பாக்சைட்டைச் சூடான சோடியம் ஐதராக்சைடு கரைசலில் இட்டால் அலுமினியம் ஐதராக்சைடு கரையும். இரும்பு(Ⅲ) ஆக்சைடு கரையாமல் செஞ்சேறாகத் தங்கும். கரைசலிலிருந்து மீட்ட ஐதராக்சைடைச் சூடாக்கினால் நீர் நீங்கி அலுமினியம் ஆக்சைடு கிடைக்கும்.

அதிக மின்சுமை கொண்ட அயனிகளின் வலுவான பிணைப்பால் இதன் உருகுநிலை 2,072 பாகை செல்சியசு ஆகும். சோடியம் குளோரைடின் உருகுநிலை 801 பாகை மட்டுமே. எனவே இதனை உருகிய கிரையோலைட்டில் கரைத்து, ஏறத்தாழ 960 பாகையில் மின்னாற்பகுக்கின்றனர். இது 1886இல் ஹால், ஹெரௌல்ட் ஆகியோர் தனித்தனியே கண்டறிந்த முறையாகும். எதிர்மின்வாயில் ஒவ்வோர் அலுமினியம் அயனியும், முன்பு இழந்த 3 எலக்ட்ரான்களைத் திரும்பப் பெற்று உலோகமாகிறது. பிணைப்பு உருவான வழியிலேயே அது பின்னோக்கி அவிழ்க்கப்படுகிறது. வலுவான பிணைப்பை அவிழ்க்க மிகுந்த மின்சாரம் தேவைப்படுவதால்தான் அலுமினிய ஆலைகள் மின்சாரத்தைப் பெருமளவில் நுகர்கின்றன.